ஊகத்தை உடைத்த ஒத்திகை

கோப்பு முறை ஒன்றை எழுதி முடித்து, ஆட்களும் புழங்க ஆரம்பித்த பிறகு, ‘அடடா, அடுக்கின விதமே தப்பு’ என்று தெரிந்தால் என்ன செய்வது? பெர்க்லியில் மெண்டல் ரோசன்ப்ளூமும் ஜான் ஓஸ்டர்ஹௌட்டும் ஒரு சிமுலேட்டர் எழுதி ஒத்திகை பார்த்தார்கள். 1991ல் வெளியான அவர்கள் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அவர்களது ஸ்ப்ரைட் எல்எஃப்எஸ் எதையும் பழைய இடத்தில் திருத்தாது. கணக்குப்பிள்ளை தினக்கணக்கு எழுதுவதுபோல் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும். வட்டு துண்டம் துண்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். செல்லாத பதிவுகளைக் கழித்துத் துண்டங்களை மீட்க வேண்டும். எதை முதலில்? அதிகம் காலியானதைத்தான் என்று யாருக்கும் தோன்றும்.

மாதிரி வட்டில் 4 கிலோபைட் கோப்புகளை நிரப்பி, 10 சதவீதக் கோப்புகளுக்கே 90 சதவீத எழுத்து போகும்படி ஓட்டினார்கள். நடமாட்டம் இப்படிக் குவிந்தால் செலவு குறையும் என்பது எதிர்பார்ப்பு. கூடிவிட்டது! அசையாத கோப்புகளின் துண்டங்கள் மெல்ல மெல்லவே காலியாகி, அதுவரை இடத்தைப் பிடித்துவைத்திருந்தன. காலியிடத்தோடு தரவின் வயதையும் பார்க்கும் விதி இப்படித்தான் வந்தது. ஒத்திகையில் அது எழுதும் செலவை 50 சதவீதம் வரை குறைத்தது.

நிஜப் புழக்கத்தில் செலவு அதைவிடவும் குறைந்தது. நிஜக் கோப்புகள் பெரியவை, மொத்தமாக அழிபவை. ஒத்திகையின் எண்கள் அப்படியே பலிக்கவில்லைதான். ஆனால் அது இல்லாவிட்டால் முதல் விதியே நிலைத்திருக்கும், வட்டு ஏன் திணறுதுன்னு யாருக்கும் புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.