தாளம் தப்பிய நாடி: வட ஆற்காட்டு மருத்துவ வரலாறு

திருவண்ணாமலை 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகரான வேலூர் சுமார் 80 கி.மீ. தொலைவு. மூச்சுவாங்கலும் படபடப்பும் உள்ளவர்கள் அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குப் பேருந்தேறிப் போவது வழக்கம்.

இவர்களில் பலருக்கு நோய் தொடங்கிய இடம் தொண்டை. சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வரும்; கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகும். ஈரிதழ் வால்வு தடித்துச் சுருங்கும். இடது ஆரிக்கிளில் இரத்தம் தேங்கி, அது விரிந்து, ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கும். இதுவே ஆரிக்கிள் நடுக்கம். தேங்கிய இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். மேலை நாடுகளில் இந்நடுக்கம் பெரும்பாலும் முதியோருக்கு வருவது. வால்வு நோயால் வரும்போது நடுவயதுக்கு முன்பே, அதிலும் பெண்களை மிகுதியாகத் தாக்குகிறது.

சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கப நாடிகளைப் பார்ப்பார். நாடி தப்புவதை விரல் அறியும். வால்வு சுருங்கியிருப்பதை அறியாது. இந்த நடுக்கத்தை 1909இல் இ.சி.ஜி. வழியே தெளிவாக்கியவர் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ்.

வேலூரில் இதயவியல் துறையைத் தொடங்கியவர் கமலா வைத்திலிங்கம். அமெரிக்காவில் ஹெலன் டௌசிக்கிடம் பயின்றவர். ரீவ் பெட்ஸ் 1949இல் நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். துடிக்கும் இதயத்தின் ஆரிக்கிள் வழியே விரலையோ கருவியையோ நுழைத்து வால்வை விரிக்கும் 'மூடிய' அறுவைக்கு இதய-நுரையீரல் எந்திரம் தேவையில்லை. ஏழைகளுக்கு எட்டியது அதனால்தான். ஸ்டான்லி ஜான் குழுவினர் 1983இல் இவ்வாறு 3,724 நோயாளிகளுக்குச் செய்த அறுவையின் பலனை வெளியிட்டனர். உலக அளவிலேயே பெரிய எண்ணிக்கை இது.

வால்வு விரிந்தாலும் பலருக்கு நடுக்கம் நீங்குவதில்லை. 1785இல் விதரிங் விவரித்த டிஜிட்டாலிஸ் செடியின் வழிவந்த டிஜாக்சின் துடிப்பின் வேகத்தைத் தணிக்கும். உறைகட்டியைத் தடுப்பது 1950களில் வந்த வார்ஃபரின். முதலில் எலி மருந்தாக விற்றது! அளவு குறைந்தால் பக்கவாதம், மிகுந்தால் இரத்தக்கசிவு. எனவே ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும். கீரை உண்பதையும் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் கூலி இழப்பு.

பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் இச்சுமையை நீக்கும் என்று எதிர்பார்த்தனர். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயனும் குழுவினரும் 24 நாடுகளில் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. ருமாட்டிக் நோயால் நடுக்கம் வந்தவர்களில், புதிய ரிவரோக்சபான் பெற்றவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. இரத்தக்கசிவும் கூடவில்லை. பழைய மாத்திரையும் அதற்கான பரிசோதனையும் இந்நோயாளிகளுக்கு இன்றும் தொடர்கின்றன.