விட்டுவிட்டால் போதுமா?

எட்டாவது படிக்கும்போது ஒரு மே மாத லீவு. எங்கள் ஊர்க் குளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் மிச்சம். மொட்டை வெயிலில் நானும் சித்தி பையனும் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு கெண்டை மாட்டியது. கையில் வைத்துக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "பாவம்டா, விட்டுடலாம்" என்று தண்ணீரில் விட்டோம். அதுவும் நீந்திப் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமை. மறுநாள் காலையில் அதே கரையோரம் ஒரு கெண்டை மல்லாந்து மிதந்தது. உதட்டில் முள் குத்திக் கிழிந்த இடம் தெரிந்தது. சித்தி பையனிடம் நான் சொல்லவேயில்லை.

போன மாதம் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்து, வழக்கம்போல வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கோடைக்காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் பல ஆறுகளில் மீன் பிடிக்கத் தடை போடுவார்களாம். பிடித்துவிட்டு உடனே தண்ணீரில் விட்டாலும் குற்றம்தான். விட்டால்கூடக் குற்றமா? அந்தக் கெண்டை ஞாபகம் வந்துவிட்டது. அதன் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான கட்டுரை, பொறுமையாகப் படியுங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்க வந்த தர்மம்

பிடித்த மீனைத் திரும்ப விடுவது ஏதோ ஜீவகாருண்யத்தில் பிறந்த பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிதான் உண்மை. லீ வுல்ஃப் என்ற அமெரிக்கத் தூண்டில்காரர் 1939ல் எழுதிய புத்தகத்தில், ஒரு நல்ல மீனை ஒரே ஒருவர் ஒரே ஒரு தடவை பிடிப்பதோடு முடித்துக்கொள்வது வீண் என்று வாதாடினார். காமர்ஸ் பாஷையில் சொன்னால், மீன் செலவழித்துத் தீர்க்கும் சரக்கு இல்லை, மூலதனம்.

1952ல் மிச்சிகன் மாநில அரசு இதை நிர்வாக முறையாகவே கொண்டுவந்தது. காரணம் என்ன தெரியுமா? ட்ரௌட் மீன்களைப் பண்ணையில் வளர்த்து ஆறுகளில் கொண்டுபோய்க் கொட்டும் செலவு கட்டுப்படியாகவில்லை. பிடித்தவர்கள் திரும்ப விட்டால் அரசுக்கு அந்தச் செலவு குறையும். அவ்வளவுதான்!

மொன்டானா இன்னொரு படி மேலே போனது. மேடிசன் ஆற்றில் ஆய்வு செய்த டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர், பண்ணை மீனைக் கொட்டுவதை நிறுத்தினால் காட்டு மீன்கள் தாங்களாகவே பெருகுகின்றன என்று கண்டுபிடித்தார். 1974ல் மொன்டானா தன் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதையே நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. செத்துப்போன மீனுக்குப் பதிலாக லாரியில் இன்னொன்று வராது. ஆறே போட்டுத் தந்தால்தான் உண்டு.

குளிர்ந்த தண்ணீரில் சரிதான்

இந்த முறை நிஜமாகவே வேலை செய்ததா? செய்தது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், பிடித்ததை விட்டே ஆகவேண்டும் என்ற விதி உள்ள ஓர் ஆற்றுப் பகுதியில் எடுத்த ஆய்வு 1986ல் வெளியானது. ஒரே பருவத்தில் ஒரு கட்த்ரோட் ட்ரௌட் சராசரியாக 9.7 தடவை பிடிபட்டிருக்கிறது. அத்தனை தடவை பிடிபட்டும், அதனால் செத்தவை சுமார் 3 சதவீதம்தான். லீ வுல்ஃப் சொன்னது பலித்துவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கு குளிர்ந்த தண்ணீருக்கு உரியது.

ட்ரௌட் குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் அதற்குச் சுகம். 20ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். இதில் இரண்டு பக்கமும் அடி. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 25 டிகிரியில் சுமார் 8தான். வரவு குறைகிறது. அதே நேரம் சூட்டில் மீனின் உடம்பு வேகமாக இயங்குவதால் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறினால் என்ன ஆகும் என்று காமர்ஸ் படிக்கிறவனுக்குச் சொல்லவா வேண்டும்?

அந்த நிலையில்தான் முள் குத்துகிறது. மீன் உயிரைக் கொடுத்து இழுக்கிறது. நாம் நூறு மீட்டர் ஓடி முடித்தபின் மூச்சு வாங்குவது போல, தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, ஆக்சிஜன் கடன் ஏறிவிடுகிறது. அந்தக் கடனை அடைக்க வேண்டிய நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? தண்ணீரை விட்டுத் தூக்கி போட்டோ எடுக்கிறோம்.

1992ல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் இதை ஆய்வகத்தில் சோதித்தார்கள். வானவில் ட்ரௌட்டை ஓய்ந்துபோகும் வரை விரட்டிவிட்டு அப்படியே தண்ணீரில் விட்டபோது, 12 மணி நேரத்துக்குள் 12 சதவீதம் செத்தன. 30 வினாடி காற்றில் வைத்திருந்தவற்றில் 38 சதவீதம். 60 வினாடி வைத்திருந்தவற்றில் 72 சதவீதம்! ஆய்வகத் தொட்டியும் ஆறும் ஒன்றல்ல, எல்லா இடத்திலும் இதே விகிதம் வராது. ஆனாலும் இதில் என்னை உலுக்கியது அந்த "12 மணி நேரம்". விட்ட உடனே மீன் நீந்திப் போகும். சாவது அப்புறம்தான், அதுவும் நாம் வீட்டுக்குப் போனபின்.

ஆந்தை நேரம்

மொன்டானாவின் மதியத் தடையை அங்கே 'ஹூட் அவுல்' விதி என்கிறார்கள். அதாவது ஆந்தை விதி. இந்தப் பெயர் வந்த கதை சுவாரசியமானது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மரம் வெட்டும் தொழிலாளர்கள் கோடையில் காட்டுத்தீக்குப் பயந்து, ஆந்தை அலறும் விடியற்காலையில் வேலையைத் தொடங்கி, மதியத்துக்குள் முடித்துவிடுவார்களாம். அந்தப் பெயரைத்தான் தூண்டில்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆற்று நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை (சுமார் 23 செல்சியஸ்) தொட்டால் தடை வரலாம் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் அளவுகோல். மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடக்கூடாது. ஆறு மிகவும் சூடாக இருப்பது பிற்பகலில், குளிர்ந்திருப்பது விடியற்காலையில் என்பதால் இந்த நேரம்.

2007 கோடையில் யெல்லோஸ்டோன் பூங்காவே தன் சில ஆறுகளில் பிற்பகல் தடை போட்டது. 2016 ஆகஸ்டில் இன்னும் பெரிய அடி. யெல்லோஸ்டோன் ஆற்றில் ஒயிட்ஃபிஷ் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. கொன்றது ஓர் ஒட்டுண்ணி நோய். வற்றிய, சூடான தண்ணீர் அதற்குத் துணை போனது. ஆகஸ்ட் 19 அன்று 183 மைல் ஆற்றை அரசு மொத்தமாக மூடியது. மீன்பிடி மட்டுமல்ல, படகும் கூடாது, குளியலும் கூடாது. தூண்டில்காரர்கள் அந்த நோயைக் கொண்டுவந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே திணறும் மீனுக்கு இன்னொரு சுமை வேண்டாம் என்பதுதான் வாதம். படகோட்டிகளும் வழிகாட்டிகளும் வருடச் சம்பாத்தியம் பார்க்கும் பருவம் அது. அவர்கள் வயிற்றில் விழுந்த அடியையும் மறக்கக்கூடாது.

சரி, எது நியாயம்?

ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. தகுந்த காரணமில்லாமல் முதுகெலும்புள்ள பிராணியைத் துன்புறுத்தக்கூடாது என்பது அதன் சாரம். சாப்பிடுவது தகுந்த காரணம். வெறும் விளையாட்டு அப்படியில்லை என்று வாதாடுகிறார்கள். சுவிட்சர்லாந்திலோ விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதே 2009 முதல் சட்டப்படி தப்பு. முதலில் படித்தபோது எனக்கு இது தலைகீழாகத் தெரிந்தது. கொல்பவன் நல்லவன், விடுபவன் கெட்டவனா?

யோசித்துப் பார்த்தால், சூடான தண்ணீரைப் பொறுத்தவரை அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு மீன் பிடித்துச் சமைக்கிறவனுக்குத் தான் இரண்டு உயிரை எடுத்தது தெரியும். அதோடு வீட்டுக்குப் போய்விடுவான். விடுகிறவனுக்கு எல்லையே இல்லை. இருபது மீன் பிடித்து இருபதையும் விடுகிறான் என்று வையுங்கள். அதில் பத்தில் ஒன்று செத்தாலும் இரண்டு உயிர். ஆனால் அவன் கணக்கில் பூஜ்யம்.

தூண்டில்காரர்கள் பக்கமும் பேசியாக வேண்டும். ஆற்றுக்காக அங்கே முதலில் குரல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். 1950ல் வந்த ஒரு சட்டப்படி, அவர்கள் வாங்கும் தூண்டில் சாமான் மீதான வரியே மீன்வளப் பாதுகாப்புக்குப் போகிறது. தண்ணீர் சூடாவதற்குப் பாசனமும் பருவநிலை மாற்றமும் பெரிய காரணங்கள், என்னை மட்டும் ஏன் நிறுத்துகிறாய் என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. இதற்கு மொன்டானாவின் பிக் ஹோல் ஆற்றங்கரையில் ஒரு பதில் கிடைக்கிறது. 1995ல் அங்கே பண்ணைக்காரர்களும் தூண்டில்காரர்களும் ஒரே குழுவில் உட்கார்ந்தார்கள். வறட்சி வந்தால் இவர்கள் தூண்டிலைக் கீழே வைப்பார்கள், அவர்கள் வாய்க்காலில் எடுக்கும் தண்ணீரைக் குறைப்பார்கள். அடுத்தவன் முதலில் நிறுத்தட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

எனக்குப் படுவது இதுதான். மீனை விடுவது நல்ல பழக்கம். ஆனால் அது குளிர்ந்த தண்ணீரில் பிறந்த பழக்கம். தண்ணீர் மாறிவிட்டால் அதே செயல் வேறு செயலாகிவிடுகிறது. "நான் விட்டுவிட்டேன்" என்பது என் மனசுக்கு ஆறுதல். மீனுக்கு அது போதுமா என்பதைச் சொல்ல வேண்டியது தெர்மாமீட்டர். இன்று அங்கே பல தூண்டில்காரர்கள் அதைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். அரசு தடை போடும்வரை காத்திருக்காமல் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே (20 செல்சியஸ்) தூண்டிலைச் சுருட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

எங்கள் குளத்துக் கெண்டை ட்ரௌட் இல்லைதான். வெயிலை அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் முழங்கால் தண்ணீரில், மே மாத மத்தியானத்தில், நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது எத்தனை வினாடி என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். நிச்சயம் அறுபதுக்கு மேல்.

இந்தக் கட்டுரையை முதலில் சித்தி பையனுக்குத்தான் அனுப்பப் போகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை எப்படி எழுதினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்!