டிஜிட்டல் கதைசொல்லல், கல்வியில்

படம், குரல், எழுத்து மூன்றையும் கணினியிலோ கைப்பேசியிலோ கோத்துச் சில நிமிடக் கதையாக்கிக் கற்பிக்கும் முறை. 1990களில் கலிபோர்னியாவில் டானா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் ஆகியோர் நடத்திய பயிலரங்குகளில் உருப்பெற்றது.

தமிழில் இதற்கு உதவும் தளம் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் தொடங்கிய இதில் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. திறந்த உரிமம் என்பதால், அங்குள்ள ஓவியங்களை அடுக்கி ஆசிரியரும் மாணவரும் சொந்தக் கதை எழுதலாம், மொழிபெயர்க்கலாம்.

எடுத்துக்காட்டாக, பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் தொழிலாகக் கொண்ட சிவகாசியில் கதைப்பொருள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பழைய தீப்பெட்டி லேபிளைப் படமெடுத்து, அதனுடன் ஆலையில் வேலைபார்த்த பாட்டியின் குரலைச் சேர்த்தால் ஊர் வரலாறு பாடமாகிறது. மத்தாப்பின் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியமும் வெள்ளொளிக்கு அலுமினியமும் காரணம் என்ற வேதியியலையும், உராய்வால் நேரும் வெடிவிபத்தைத் தவிர்க்கும் முறைகளையும் அதே கதையில் சொல்லலாம்.