தடித்த ஓட்டக் காலணியிலிருந்து மெல்லடிக் காலணிக்கு மாறுதல்: அறிய வேண்டியவை

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, வண்டலூர் ஆகிய பகுதிகளில் அதிகாலையில் நடைப்பயிற்சியும் ஓட்டப்பயிற்சியும் மேற்கொள்வோர் பலர். அவர்களுள் சிலர், மெத்தை போன்ற தடித்த அடிப்பாகம் உடைய காலணியை விடுத்து, மெல்லிய அடிப்பாகம் உடைய காலணிக்கு மாற விரும்புகின்றனர். காலணியை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஆனால், அதற்கேற்பப் பாதம் பழகுவதற்குப் பல மாதங்கள் தேவை. சிலர் மாறவே கூடாது. இவ்விரண்டையும் இப்பக்கம் விளக்குகிறது.

மெல்லடிக் காலணி என்பது யாது?

வழக்கமான ஓட்டக் காலணியில் முன்பாதத்தைவிடக் குதிகால் ஏறத்தாழ 10 முதல் 12 மி.மீ. உயர்ந்திருக்கும். மெல்லடிக் காலணியில் இவ்வேறுபாடு மிகக் குறைவு. சிலவற்றில் அறவே இராது. அடிப்பாகம் மெல்லியதாகவும் எளிதில் வளைவதாகவும், விரல்கள் விரிய இடமளிப்பதாகவும் இருக்கும்.

மாறும்போது காலில் நிகழ்வது என்ன?

மெல்லடிக் காலணியுடன் ஓடுவோர் பலர், தம்மையறியாமலே குதிகாலுக்கு மாறாக முன்பாதத்தை முதலில் ஊன்றத் தொடங்குகின்றனர். இதனால் முழங்காலின் மீதான சுமை குறைகிறது. எனினும், அச்சுமை மறைந்துவிடுவதில்லை. கெண்டைக்கால் தசை, குதிகால் தசைநாண், முன்பாத எலும்புகள் ஆகியவற்றுக்கு இடம்பெயர்கிறது. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணும் எலும்பும் வலுப்பெற மாதங்கள் ஆகும். தசை வலி நீங்கியதும் பழகிவிட்டதாக எண்ணித் தூரத்தைக் கூட்டுவதே பெரும்பாலான காயங்களுக்குக் காரணம்.

அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்டத்தில் பழகிய 36 பேர் 10 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். படிப்படியாக மெல்லடிக் காலணிக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பினுள் நீர்க்கோவை காணப்பட்டது. வழக்கமான காலணியைத் தொடர்ந்த 17 பேரில் மிகச் சிலருக்கே அது காணப்பட்டது. எலும்பு சுமையைத் தாங்க இயலாமல் தவிப்பதன் அறிகுறி இது. கவனியாது விட்டால் மயிரிழை முறிவு ஏற்படலாம். எனவே, 10 வாரங்கள்கூடப் பலருக்குப் போதாது.

நாம் வெறுங்காலில் வளர்ந்தவர்கள்தாமே?

வீட்டில் வெறுங்காலில் நடப்பது பாதத் தசைகளுக்கு நன்மை தரும். ஆனால், நடப்பதும் ஓடுவதும் ஒன்றல்ல. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் விழுகிறது.

யார் மாறக் கூடாது?

நீரிழிவு நோய், தொழுநோய் முதலியவற்றால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், பாதப் புண் உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்தவர்கள், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் ஆகியோர் மெல்லடிக் காலணியைத் தவிர்க்க வேண்டும். எலும்பு அடர்த்திக் குறைவு உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி மாறக் கூடாது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், உணர்விழந்த பாதத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணுக்கு முதன்மைக் காரணம் என்பதை விளக்கினார். வலி தெரியாததால் அவர்கள் நடையை மாற்றிக்கொள்வதில்லை. எம்.சி.ஆர். செருப்பு எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு இவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது இதனாலேயே. இவர்களுக்கு மெத்தை அடிப்பாகம் சொகுசன்று, பாதுகாப்பு.

பராமரிப்பாளர்கள் வீட்டிலேயே எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். நோயாளியைக் கண்களை மூடச் செய்து, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் விரலால் இரண்டு நொடிகள் மெதுவாகத் தொடவும். அழுத்தக் கூடாது. ஆறு இடங்களில் இரண்டிலோ அதற்கு மேலோ தொடுதலை உணராவிடில், மருத்துவரை அணுகவும்.

மாறும் முறை

1. முதல் நான்கு வாரங்கள்: புதிய காலணியுடன் நடக்க மட்டும் செய்யவும். நாளொன்றுக்கு 20 முதல் 30 நிமிடங்கள் போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்யவும்.

2. ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை: வாரம் இரு முறை, 5 நிமிடங்கள் மட்டும் புதிய காலணியுடன் ஓடவும். எஞ்சிய தூரத்தைப் பழைய காலணியுடன் ஓடவும். அடுத்தடுத்த நாள்களில் வேண்டா.

3. அதன் பின்னர்: வாரத்திற்குச் சில நிமிடங்கள் மட்டும் கூட்டவும். முழுமையாக மாற நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். இக்காலத்தில் மொத்தத் தூரத்தையும் வேகத்தையும் கூட்ட வேண்டா.

பழைய காலணியில் வலியின்றி ஓடுபவர் மாறியே தீர வேண்டும் என்பதில்லை. மெல்லடிக் காலணி காயங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்று ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை.

நம் பகுதிக்குரிய எச்சரிக்கைகள்

ஏப்ரல், மே மாதங்களில் தார்ச்சாலையின் வெப்பம் மெல்லிய அடிப்பாகத்தை ஊடுருவும். எனவே காலை வெயில் ஏறுமுன் பயிற்சியை முடிக்கவும். ஏரிக்கரைகளில் சீமைக்கருவேல முள்ளும் உடைந்த கண்ணாடியும் கிடக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான இடங்களில் தேங்கும் நீரில் ஓடவோ நடக்கவோ வேண்டா. பாதத்தில் சிறு கீறல் இருப்பினும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே உட்புகலாம். பயிற்சி முடிந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலைப் பார்வையிடவும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• முன்பாதத்தில் ஒரே இடத்தில் விரலால் தொட்டால் வலித்தல், மேற்புறம் வீங்குதல்
• ஓய்விலும் இரவிலும் தொடரும் வலி
• காலையில் எழுந்து ஊன்றும் முதல் அடியில் குதிகால் வலி இரு வாரங்களுக்கு மேல் நீடித்தல்
• குதிகாலின் பின்புறம் திடீரென அடித்தாற்போன்ற வலியும், நுனிக்காலில் நிற்க இயலாமையும் (உடனடியாகச் செல்லவும்)
• உணர்வு குறைந்த பாதத்தில் கொப்புளம், நிறமாற்றம், புண் (வலி இல்லாவிடினும் அன்றே செல்லவும்)

மயிரிழை முறிவு தொடக்கத்தில் ஊடுகதிர்ப் படத்தில் தென்படாமல் இருக்கலாம். ஆகவே, படம் இயல்பாக இருப்பினும் வலி தொடர்ந்தால் ஓடாமல் மீண்டும் மருத்துவரைக் காணவும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவையோ நாடலாம். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.