ஒலியால் நட்ட கல்: போர்நினைவும் பல்லிய இசையும்

சிங்கப்பூரின் எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கும் போர் நினைவுச்சின்னத்தை நம் மாணவர் பலமுறை கடந்து சென்றிருப்பர். 1922ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், அந்நாளைய வேல்ஸ் இளவரசர் அதனைத் திறந்து வைத்தார். 'செனட்டாஃப்' என ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. வெறுங்கல்லறை என்பது அதன் பொருள். உடல் வேறெங்கோ கிடக்க, பெயரை நிறுத்தும் பொருட்டு எழுப்பிய கல் அது. நடுகல்லை அறிந்த நமக்கு இக்கருத்து அயலானதன்று.

இலண்டன் வொய்ட்ஹால் வீதியில் லட்யன்ஸ் வடிவமைத்த செனட்டாஃப் 1920இல் கல்லில் எழுந்தது. அவ்வெறுங்கல்லறை அத்துணைப் பெருமை பெற்றதற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வீரர் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதில்லை, வீழ்ந்த நிலத்திலேயே அடக்கம் செய்வது என்று அரசு முடிவு செய்தது. செல்வர் வீட்டுப் பிள்ளையின் உடல் மட்டும் ஊர் திரும்ப, ஏழை வீட்டுப் பிள்ளை அயல்மண்ணில் கிடப்பது முறையன்று என்பது அம்முடிவின் அடிப்படை. நேர்மையான முடிவுதான். ஆயினும் கடல் கடந்து செல்ல வசதியற்ற தாய்க்கும் மனைவிக்கும் அழுவதற்கு ஒரு கல்லறை இல்லாமற் போயிற்று. பலருக்கு உடலே கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

1919 முதல் நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 11 மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் காத்தது. அந்நாளின் உயிர்நாடி ஓசையின்மையே. ஆனால் மௌனம் இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் பின்னர் வரும் நீண்ட இரவை எவ்வாறு கழிப்பது? இவ்வினாவே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தோற்றுவாய். அவ்விரவில் விடுதிகளிலும் அரங்குகளிலும் வெற்றி விருந்துகளும் நடனங்களும் நிகழ்ந்தன. அதே ஆண்டுகளில் வேலையற்ற முன்னாள் படைவீரர் தெருவில் நின்றனர். 1922ஆம் ஆண்டுப் போர்நிறுத்த நாளில் அவர்கள் தம் பதக்கங்களோடு அடகுச் சீட்டுகளையும் மார்பில் குத்திக்கொண்டு செனட்டாஃபைக் கடந்து அணிவகுத்தனர்.

இச்சூழலில்தான் ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் இசையமைப்பாளரின் படைப்பொன்று அரங்கேறியது. 1880இல் மான்செஸ்டரில் பிறந்த இவர், அந்நகரின் புகழ்பெற்ற ஹாலே பல்லியக் குழுவில் செல்லோ வாசித்தவர். 1919 முதல் 1921 வரை இவர் இயற்றிய 'எ வேர்ல்ட் ரெக்வியம்' ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் நீளும். 20 பகுதிகளை உடையது. ரெக்வியம் என்பது மேலைக் கிறித்துவ மரபில் இறந்தோர் அமைதி பெற வேண்டி நிகழ்த்தும் வழிபாடு. அதற்குரிய இசைக்கும் அதுவே பெயர். ஃபோல்ட்ஸ் அப்பெயரை எடுத்துக்கொண்டு, அதன் எல்லையை விரித்தார். தம் நாட்டார்க்கு மட்டுமின்றி, எல்லா நாடுகளிலும் மாண்டோர்க்கு அதனை உரிமையாக்கினார். பகைவர் பக்கத்தில் வீழ்ந்தவனும் அதில் அடக்கம். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், அவ்வாறு அறிவிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும் என்பதே எம் கருத்து.

பாடற்பகுதிகளைத் தொகுத்ததில் அவர் துணைவியார் மாட் மெக்கார்த்தியின் பங்கு பெரிது. வயலின் கலைஞரான இவ்வம்மையார் அன்னி பெசண்ட்டுடன் இந்தியா வந்து, இந்திய இசையைப் பயின்றவர். விவிலியமும் ஜான் பனியனின் நூலும் இடம்பெற்ற அத்தொகுப்பில் கபீரின் பாடலொன்றும் சேர்ந்தது இவ்வாறே. வடஇந்திய நெசவாளரான பக்திக் கவிஞரின் சொற்கள் இலண்டனில், ஆங்கிலேய வீரரின் நினைவிரவில் ஒலித்தன.

1923 நவம்பர் 11ஆம் நாள் இரவு ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஃபோல்ட்ஸ் தாமே நடத்த, ஆயிரத்துக்கு மேற்பட்ட கலைஞர் அதனை நிகழ்த்தினர். பேரளவிலான சேர்ந்திசைக் குழு, சிறுவர் குரல்கள், நான்கு தனிப்பாடகர், ஆர்கன், பல்லியம் அனைத்தும் இணைந்தன. உலகின் திசைகளை நோக்கி விளிக்கும் ஒரு பகுதியில், அரங்கின் வெவ்வேறு மூலைகளிலிருந்து பித்தளைக் குழல்கள் முழங்கும். கேட்போர் இசையின் எதிரே அமர்வதில்லை. இசையின் நடுவே அமர்வர். கால்சுரம் போன்ற நுண்சுரங்களையும் அவர் கையாண்டார். ஒலியால் எழுப்பிய செனட்டாஃப் என்று அதனைச் சுட்டும் வழக்கும் தோன்றிற்று.

முன்னாள் படைவீரரின் நலன் பேண 1921இல் தோன்றிய பிரிட்டிஷ் லீஜன் அமைப்பின் ஆதரவில் நிகழ்ச்சி நடந்தது. 1926 வரை ஆண்டுதோறும் போர்நிறுத்த நாளையொட்டி அது நிகழ்ந்தது. பொதுமக்கள் திரண்டனர், இசைத் திறனாய்வாளர் பலர் முகம் சுளித்தனர். 1925இல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கவிருந்த வெற்றி நடனத்தை டிக் ஷெப்பர்டு என்னும் பாதிரியார் வெளிப்படையாகக் கண்டித்தார்; நடனம் தள்ளிவைக்கப்பட, அவ்விரவில் அங்கே நினைவு வழிபாடு நடந்தது. துயரின் பக்கம் அப்போது காற்று வீசியது எனலாம்.

ஆனால் 1927இல் ரெக்வியம் இல்லை. அதே ஆல்பர்ட் ஹாலில் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழ் முன்னின்று வேறொரு நிகழ்ச்சியை நடத்தியது. ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர் கூடி, பதுங்குகுழிகளிலும் அணிநடையிலும் தாம் பாடிய பாட்டுகளையே மீண்டும் பாடினர். சிங்கப்பூர்ச் சின்னத்தைத் திறந்து வைத்த அதே வேல்ஸ் இளவரசர் அதில் கலந்துகொண்டார். இன்றும் ஆண்டுதோறும் நடைபெறும் நினைவு விழாவுக்கு அதுவே தொடக்கம்.

இதனை ரசனையின் வீழ்ச்சி என்று எழுதிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. தொல்காப்பியர் புறத்திணையில், மீண்ட வீரர் கள்ளுண்டு களிப்பதை உண்டாட்டு என்றும், இழந்தோர் அரற்றுவதைக் கையறுநிலை என்றும் வெவ்வேறு துறைகளாக வைத்தார். ஒருவர் வாயில் பிறக்கும் பாட்டு மற்றவர் வாயில் பிறவாது. ஃபோல்ட்ஸ் இயற்றியது கையறுநிலை; மகனைப் பறிகொடுத்தவள் அதில் தன் குரலைக் கேட்டாள். உயிரோடு திரும்பி, வேலையின்றி, கால் இழந்து, அருகில் மடிந்த தோழனை மறக்கவியலாமல் வாழ்ந்தவனுக்கோ அதில் இடம் குறைவு. கொச்சையும் கேலியும் கலந்த அணிநடைப் பாட்டே அவனுக்கும் அத்தோழனுக்கும் பொதுவாக இருந்த மொழி. எனினும் இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. தோழர் பாடும் பாட்டில் தம் பக்கத்துத் தோழனே இருப்பான். எதிர்ப்பக்கத்தில் வீழ்ந்தவனைக் கூட்டிக்கொள்ளும் அகலம் அதற்கு இல்லை. கபீருக்கும் அங்கே வேலையில்லை.

ஃபோல்ட்ஸ் அதன்பின் பாரிஸில் ஊமைப்படங்களுக்கு இசை வாசித்துப் பிழைத்ததும் உண்டு. 1935இல் குடும்பத்தோடு இந்தியா சென்று, டில்லியில் அகில இந்திய வானொலியின் மேலை இசைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். இந்திய இசைக்கருவிகளைக் கொண்டே ஒரு பல்லியக் குழுவை அமைக்க முயன்றார். ஆர்மோனியம் இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று கடுமையாக எழுதியவரும் இவரே. அவர் மறைந்த மறு ஆண்டில் வானொலி அதற்குத் தடை விதித்தது. 1939 ஏப்ரலில் கல்கத்தாவில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று.

மாண்டோரையும் மீண்டோரையும் ஒரே படைப்பில் நிறுத்தும் முயற்சி மற்றொரு பெரும்போருக்குப் பின்னர் வந்தது. குண்டுவீச்சில் அழிந்த கவென்ட்ரி பேராலயம் புதிதாய் எழுந்தபோது, 1962 மே 30ஆம் நாள் பெஞ்சமின் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்' அங்கு அரங்கேறியது. இலத்தீன் வழிபாட்டுப் பாடல்களுக்கிடையே வில்ஃபிரெட் ஓவனின் கவிதைகளை அவர் கோத்தார். ஓவன் போர் நிற்பதற்கு ஒரு வாரம் முன் வீழ்ந்த படை அதிகாரி. வெற்றி மணிகள் ஒலித்த நாளில் சாவுச் செய்தி தாயின் கைக்கு வந்ததாகக் கூறுவர். வழிபாட்டுப் பகுதியைப் பெரிய பல்லியமும் சேர்ந்திசையும் ஏந்த, வீரரின் குரலைச் சிறியதொரு தனிக்குழு ஏந்துகிறது. வீரராகப் பாடிய இருவருள் ஃபிஷர்-டீஸ்காவ் என்பார் ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டுப் போர்க்கைதியாயிருந்தவர். எதிர்ப்பக்கத்து முன்னாள் வீரரே பாட வந்து நின்றார்.

அப்படைப்பின் காணிக்கைப் பக்கத்தில் பிரிட்டன் நண்பர் நால்வரின் பெயர்களைப் பொறித்தார். மூவர் போரில் மாண்டவர். நான்காமவர் போரிலிருந்து திரும்பி வந்தவர். 1959இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மூவரோடு அவரையும் வேறுபாடின்றி ஒரே வரிசையில் பிரிட்டன் வைத்தார். வகுப்பில் இப்படைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் இசைக்குள் நுழையுமுன் அந்தப் பக்கத்தில் சற்று நிற்பது நன்று.

ஃபோல்ட்ஸின் ரெக்வியத்தைப் பிபிசி சிம்ஃபனி பல்லியக் குழு 2007 நவம்பர் 11ஆம் நாள் லியான் பாட்ஸ்டீன் தலைமையில் மீண்டும் எடுத்தது. அதே ஆல்பர்ட் ஹால். இடையில் 81 ஆண்டுகள். முதல் உலகப் போரில் நின்ற வீரருள் அப்போது பிரிட்டனில் உயிரோடிருந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.