தொண்ணூறு நொடி விடை: மாணவர் காணொளி பாடக்குறிப்புக்குள் வந்த வழி

வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். பதில் வரும்வரை எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறார்? அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, ஒலிநாடாவில் பதிவான வகுப்புகளைக் கேட்டு இதை அளந்தார். 1974இல் வெளியான அவரது ஆய்வின்படி சராசரி ஒரு நொடி. அதற்குள் விடை வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிப் போடுவார், இல்லையேல் வேறொரு பிள்ளையை எழுப்புவார், அதுவும் இல்லையேல் தாமே விடையைச் சொல்லிவிடுவார். அந்த இடைவெளி மூன்று நொடிக்கு மேல் நீண்டபோது விடைகளும் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். மாணவர்களே கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள்.

மாணவர் தம் விடையைக் கேமரா முன் சொல்லிப் பதிந்து அனுப்பும் முறை அந்த ஒரு நொடியை ஒரு மாலைப்பொழுதாக நீட்டித் தருகிறது. யோசிக்கலாம், எழுதிப் பார்க்கலாம், சொல்லிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி சொல்லலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. ஆனால் இந்த முறையின் அறுபதாண்டு வரலாற்றில் ஒன்று திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பதிவு செய்யும் கருவி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. பதிவானதை யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. சில கட்டங்களில் அது வரவே இல்லை.

கேமரா கல்வி உலகுக்குள் நுழைந்தபோது அதன் முகம் மாணவர் பக்கம் இருக்கவில்லை. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வீடியோ நாடாக் கருவி தொலைக்காட்சி நிலையங்களுக்கான பெரிய இயந்திரம். ஏழாண்டு கழித்து, 1963இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் சகாக்களும் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பயிற்சி முறையை வகுத்தார்கள். பயிற்சி ஆசிரியர் நான்கைந்து பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் அளவில் பாடம் நடத்துவார். அதில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு திறன்: கேள்வி கேட்பது, எடுத்துக்காட்டுச் சொல்வது என ஏதேனும் ஒன்று. பிறகு வீடியோவில் தம்மையே பார்ப்பார், குறை கேட்பார், திருத்திக்கொண்டு வேறு பிள்ளைகளுக்கு அதே பாடத்தை மறுபடி நடத்துவார்.

தமிழ்நாட்டில் பி.எட். முடித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. 1967இல் அலகாபாத்தில் டி.டி. திவாரி தொடங்கிவைத்த முயற்சியும், பரோடாவில் பி.கே. பாஸி முன்னெடுத்த ஆய்வுகளும் சேர்ந்து இந்தியாவுக்கென ஒரு வடிவம் கிடைத்தது. கற்பிக்க 6 நிமிடம், பின்னூட்டத்துக்கு 6, திட்டத்தைத் திருத்த 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி பின்னூட்டம் 6. மொத்தம் 36 நிமிடச் சுழற்சி. விலை காரணமாகக் கேமரா கழன்றுகொண்டது. பிள்ளைகளும் கழன்றுகொண்டார்கள். சக பயிற்சி ஆசிரியர்களே ஆறாம் வகுப்பு மாணவர்களாக உட்கார்ந்து, தெரிந்த விடையைத் தெரியாததுபோல் சொல்லும் அந்த நாடகம் இன்றும் பல கல்லூரிகளில் நடக்கிறது. இருந்தாலும் இந்திய வடிவத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மிகுதியான நேரம், முழுதாக 12 நிமிடம், திருத்தி யோசிக்க ஒதுக்கப்பட்டிருக்கிறது. பதிவுக் கருவியைக் கைவிட்ட முறை, பதிவின் நோக்கத்தைக் கைவிடவில்லை.

தன்னைத் திரையில் பார்ப்பது எல்லோருக்கும் நன்மை செய்யுமா? கல்வி ஆய்வாளர்கள் பிரான்சிஸ் புல்லரும் பிராட் மானிங்கும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1973இல் ஒரு மதிப்பீடு எழுதினார்கள். வீடியோவில் தன்னை எதிர்கொள்வது மன அழுத்தம் தரக்கூடியது, பக்கத்தில் வழிநடத்த ஆள் இல்லாமல் வெறுமனே போட்டுக் காட்டுவதால் பலன் உறுதியில்லை என்பது அதன் சாரம். பயிற்சி ஆசிரியர்களைப் பற்றிச் சொன்னது அது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

மாணவரின் விடையைப் பதிந்த முதல் வகுப்பறைக் கருவி என்று தேடினால், அது கேமராவே இல்லை, மொழி ஆய்வகம். 1957இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்தது. அதில் அதிர்ந்து மறு ஆண்டு அமெரிக்க அரசு கொண்டுவந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அந்நிய மொழிக் கல்விக்குப் பணத்தை வாரி இறைத்தது. பல பள்ளிகளில் தடுப்புப் போட்ட சிறு இருக்கைகளும் ஹெட்போன்களும் வந்து இறங்கின. அந்த நாடாவின் அமைப்பு அழகானது. ஒரு தடத்தில் ஆசிரியரின் வாக்கியம். அதற்குப் பின் விடப்பட்ட மௌனத்தில் மாணவர் சொல்வது அடுத்த தடத்தில் பதியும். நாடாவைப் பின்னுக்குச் சுற்றிப் போட்டால் இரண்டு குரலும் அடுத்தடுத்துக் கேட்கும். மாணவர் தம் தடத்தை எத்தனை முறையும் அழித்துப் பேசலாம். ஆசிரியர் தடம் அப்படியே இருக்கும்.

சிக்கல் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆசிரியர் விசையைத் திருப்பி ஒவ்வோர் இருக்கையாகத்தான் காதுகொடுக்க முடியும். மற்ற இருபத்தொன்பது பேர் யாருக்காகப் பேசினார்கள் என்பது தெளிவாகாமலே போயிற்று. கிளிப்பிள்ளைப் பயிற்சி சலித்ததும் அந்த ஆய்வகங்களில் பல தூசி படிந்தன.

1967இல் சோனி வெளியிட்ட போர்ட்டபேக், வீடியோவை ஸ்டூடியோவிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. கையில் கேமரா, தோளில் நாடாப் பெட்டி. கறுப்பு வெள்ளைப் படம், அரை அங்குல நாடா. ஆவணப்படக்காரர்களும் ஊர்மக்கள் இயக்கங்களும் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். பள்ளிகள் மெதுவாகத்தான் வந்தன. ஒரு வகுப்புக்கு ஒரு கருவி என்பதே ஆடம்பரமாக இருந்த காலம்.

அதே காலத்தில் இந்தியா உலகமே திரும்பிப் பார்க்கும்படி ஒன்றைச் செய்தது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் பெற்று, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. சைட் எனப்பட்ட அந்தச் சோதனையின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது ஒருவழிப் பாதை. பிள்ளைகள் பார்த்தார்கள், அவர்கள் திரும்பிச் சொல்வதற்கு வழி இல்லை. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

திரும்பிப் பேசும் வழி பள்ளிக்கு வெளியே திறந்தது. 2005இல் பிறந்த யூடியூப் மறு ஆண்டே ஒரு வசதியைத் தந்தது: ஒருவர் போட்ட காணொளிக்கு இன்னொருவர் தம் காணொளியாலேயே பதில் சொல்லலாம். கான்சாஸ் அரசுப் பல்கலைக்கழக மானிடவியலாளர் மைக்கேல் வெஷ் தம் மாணவர்களோடு இந்த உலகத்தை ஆராய்ந்தார். 2007இல் இன்றைய மாணவரைப் பற்றி மாணவர்களே சேர்ந்து உருவாக்கிய அவரது குறும்படம் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அதே ஆண்டுவாக்கில் வந்த வாய்ஸ்த்ரெட், ஒரு படத்தையோ ஸ்லைடையோ நடுவில் வைத்து, சுற்றிலும் மாணவர்கள் குரலாலும் காணொளியாலும் கருத்துச் சொல்ல இடம் கொடுத்தது.

யூடியூப் தன் பதில் வசதியை 2013இல் மூடிவிட்டது. அதற்கு அது சொன்ன காரணத்தை ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பதில் காணொளிகள் கண்ணில் பட்ட பத்து லட்சம் பேரில் அவற்றைத் திறந்து பார்த்தவர்கள் நான்கே பேர். சொல்ல ஆள் இருந்தது, பார்க்க ஆள் இல்லை.

பார்க்கும் கடமை உள்ள ஒரு சிறு கூட்டம் இருந்தால் கதை மாறுமா என்பதற்கு விடை ஃப்ளிப்கிரிட். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மில்லரும் சகாக்களும் உருவாக்கியது. ஆசிரியர் ஒரு கேள்வியைப் போடுவார்; மாணவர்களின் விடைகள் கட்டம் கட்டமாக, முகம் முகமாக வந்து அடுக்கும். ஒரு முகத்தைத் தட்டினால் விடை ஓடும். அதற்குக் கீழே சக மாணவர் மறுவிடை பதியலாம். பலர் வைத்துக்கொண்ட வரம்பு 90 நொடி. பின்னாளில் 10 நிமிடம் வரை நீட்ட வழி வந்தபோதும் அனுபவப்பட்டவர்கள் குறுகிய வரம்பையே விரும்பினார்கள். 2018 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி, கட்டணத்தை நீக்கி எல்லோருக்கும் இலவசமாக்கியது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது மாணவர், ஆளுக்கு 90 நொடி. மொத்தம் ஒரு மணி நேரம். நம் ஊர்ப் பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். நான்கு பிரிவுகளுக்குப் பாடம் எடுப்பவர் வாரம் ஒரு கேள்வி கொடுத்தால் பார்க்க மட்டும் நான்கு மணி நேரம் வேண்டும். எழுத்து விடைத்தாளைக் கண்ணால் மேய்ந்துவிடலாம். காணொளியை அப்படி மேய முடியாது. இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவர்கள் இரண்டாம் மாதமே கைவிட்டதில் வியப்பில்லை.

கணக்குப் போட்டவர்கள் பாடக்குறிப்பையே மாற்றினார்கள். ஒவ்வொரு விடையையும் ஆசிரியர் பார்ப்பது என்ற நினைப்பை விட்டுவிட்டு, ஐந்து பேர் கொண்ட குழுவுக்குள் ஒருவர் விடையை மற்றவர் பார்த்து, அதில் ஒரு கேள்வி எழுப்ப வேண்டும் என்று வைத்தார்கள். ஆசிரியர் முதல்நாள் இரவு ஏழெட்டு விடைகளை மட்டும் பார்ப்பார். அவற்றில் ஒரே தவறு நான்கில் வந்தால் மறுநாள் பாடம் அங்கிருந்து தொடங்கும். அமில கார வினையைப் பற்றிய கேள்வியில், நடுநிலையாக்கல் என்றால் இரண்டும் காணாமல் போய்விடும் என்று நால்வர் சொல்லியிருந்தால், கரும்பலகையில் முதலில் எழுத வேண்டியது உப்பு எங்கிருந்து வந்தது என்பதைத்தான். காணொளி மதிப்பெண் போடும் பொருளாக இருந்தபோது சுமை. மறுநாள் பாடத்துக்கு மூலப்பொருளானபோது அது ஆசிரியரின் வேலையைக் குறைத்தது.

பிறகு 2020 வந்தது, கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. கிராமப்புறத்தை ஆராய்ந்த அசர் அறிக்கையின்படி, பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளில் வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் 2018இல் 36.5 சதவீதம், 2020இல் 61.8. ஆனாலும் கேட்கப்பட்ட வாரத்தில் பள்ளியிலிருந்து ஏதாவது பாடப்பொருள் கிடைத்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். அப்படிக் கிடைத்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது வாட்ஸ்அப் வழியே வந்தது. ஃப்ளிப்கிரிட் என்ற பெயரையே கேட்டிராத ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் பதில் காணொளி முறையைத் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். திருக்குறள் ஒப்புவிக்கும் பிள்ளை, வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை, வீட்டுத் திண்ணையில் காகித எரிமலை வைத்துச் சோதனை செய்து காட்டும் பிள்ளை. போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு திரும்பும். அதன் பிறகுதான் விடை வரும். ஆசிரியரின் போன் நினைவகம் நிரம்பி வழிந்தது. ஒப்புவித்தல்கள் வந்து குவிந்தன. அவற்றைப் பார்த்து அடுத்த கேள்வி கேட்கும் ஏற்பாடு மட்டும் பெரும்பாலும் இல்லை. மொழி ஆய்வகத்தின் குறை இங்கே குழுச் செய்தி வடிவில் திரும்பி வந்தது.

முகத்தைப் பற்றிய தயக்கமும் கூடவே வளர்ந்தது. காணொளிக் கூட்டங்களில் தன் முகத்தை ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது களைப்பின் காரணங்களில் ஒன்று என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் வாதிட்டார். பின்னால் தெரியும் வீடு, காயும் துணி, குறுக்கே போகும் அத்தை, இவையெல்லாம் வகுப்பு முழுவதற்கும் காட்சியாகின்றன. பெண் பிள்ளைகளின் காணொளி எந்தக் கைக்குப் போகும் என்ற பெற்றோரின் அச்சத்தை வெறும் பழைமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவிதியாக வைத்திருக்கிறது.

முகம் இல்லாமல் முடியவே முடியாத வகுப்பும் ஒன்று உண்டு: சைகை மொழி வகுப்பு. அங்கே விடையைத் தாளில் எழுத முடியாது. கையும் முகமும் சேர்ந்ததுதான் வாக்கியம். அமெரிக்கக் காதுகேளாதோர் சங்கத் தலைவராக இருந்த ஜார்ஜ் வெடிட்ஸ், சைகை மொழியைக் காக்க வேண்டும் என்று 1913இலேயே படச்சுருளில் உரையாற்றிப் பதிந்து வைத்தார். பிற்காலச் சைகை மொழி மாணவர்கள் வீட்டுப்பாடத்தை விஎச்எஸ் கேசட்டில் பதிந்து கொடுத்தார்கள். மற்ற ஆசிரியர்கள் புதுமை என்று கொண்டாடியதை இவர்கள் அன்றாடமாகச் செய்து பழகியிருந்தார்கள்.

ஃப்ளிப்கிரிட், 2022இல் ஃப்ளிப் என்று பெயர் சுருங்கியது. 2024இல் அதன் தனிச் செயலி மூடப்பட்டு, மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் மென்பொருளுக்குள் கரைக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த விடைகளை இறக்கிவைத்துக்கொள்ள ஆசிரியர்கள் அலைந்தார்கள். குழுப் பார்வையையும் மறுவிடையையும் பாடக்குறிப்பில் எழுதி வைத்திருந்தவர்களுக்கு மாற்றுக் கருவி தேடுவது சிறு வேலையாக இருந்தது.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் காணொளி விடைக்கு இன்னொரு தேவையும் முளைத்தது. எழுதிக் கொண்டுவரும் வீட்டுப்பாடத்தை நம்ப முடியாத ஆசிரியர்கள், சொல்லிக் காட்டு என்கிறார்கள். திரையில் உள்ளதைப் பார்த்து வாசிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கண்மணி இடமிருந்து வலமாக ஓடுவதே காட்டிக்கொடுத்துவிடும். கணக்கு ஆசிரியர்கள் சிலர் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். போனைப் புத்தக அடுக்கின் மேல் கவிழ்த்து வைத்து, நோட்டையும் பேனா பிடித்த கையையும் மட்டும் படம்பிடிக்கச் சொல்கிறார்கள். முகம் வேண்டாம், வீடு தெரிய வேண்டாம். கணக்கைப் போட்டபடியே, இந்த இடத்தில் ஏன் கழிக்கிறேன் என்று குரலில் சொல்ல வேண்டும். மறுநாள் பக்கத்து இருக்கைக்காரர் அதைப் பார்த்து ஒரு வரியைச் சுட்டிக் கேள்வி கேட்பார். அதற்கான பதில், அடித்துத் திருத்திய அதே பக்கத்தில், இரண்டாவது காணொளியாக வரும்.