தீப்பெட்டிக் காரின் விலை

போன மாதம் அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது என்னுடைய பழைய இரும்புக் கார் ஒன்று கிடைத்தது. இரும்பு என்று சொல்லித்தான் பழக்கம். உண்மையில் அது துத்தநாகக் கலவை. உள்ளங்கையில் அடங்கிவிடும். சிவப்புப் பெயின்ட் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. அடியில் இருந்த எழுத்து படிக்க முடியாதபடி தேய்ந்திருந்தது. ஆனால் நான்கு சக்கரமும் ஓடியது.

"பாத்தியா, அந்தக் காலத்துச் சாமான். இப்ப வாங்குறது ஒரு வாரம் தாங்குதா?" என்றார் அம்மா. பக்கத்தில் இருந்த என் இரண்டு வயது மகள் அதை எடுத்து நேராக வாயில் வைத்தாள். நான் பிடுங்கிவிட்டேன். அவள் அழ, அம்மாவுக்குக் கோபம். "நீயும் வாயில வெச்சு வளந்தவன்தானே, உனக்கு என்ன ஆயிடுச்சு?"

அம்மா கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் தேடினேன். அதுதான் இந்தப் பதிவு. "பொம்மை" என்று மொத்தமாகப் பேசினால் எதையும் ஒப்பிட முடியாது. ஆனால் இந்த உள்ளங்கைக் கார் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஒரே மாதிரி, 70 வருஷமாகக் கடையில் இருக்கிறது. விலையும் தரமும் எப்படி மாறின என்று பார்க்க இதைவிட வசதியான பொருள் கிடைக்காது.

ஒரு பள்ளிக்கூட விதி

1947-இல் லண்டன் எட்மன்டனில், மூடிக்கிடந்த ஒரு மதுக்கடைக் கட்டடத்தில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் ஒரு வார்ப்புப் பட்டறை தொடங்கினார்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலும் சொந்தக்காரர்கள் இல்லை. இரண்டு பெயரையும் சேர்த்து 'லெஸ்னி' என்று வைத்தார்கள். வேலை, தொழிற்சாலைகளுக்கு உலோக உதிரி பாகங்கள் வார்த்துக் கொடுப்பது. ஆர்டர் குறைகிற மாதங்களில் சும்மா இருக்க வேண்டாமே என்று பொம்மை வார்த்தார்கள். ஜாக் ஓடெல் என்ற வார்ப்பு வல்லுநரும் கூடச் சேர்ந்தார்.

ஓடெலின் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி: தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம். மகளுக்காக ஓடெல் பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மற்ற பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்தார்கள். 1953-இல் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் கடைக்கு வந்தன, தீப்பெட்டி மாதிரியே செய்த அட்டைப் பெட்டியில்.

சின்னதாகச் செய்தது வெறும் அழகுக்காக இல்லை. உலோகம் குறைவு, பெட்டி சின்னது, கடையில் பிடிக்கிற இடமும் கொஞ்சம். அதனால் பிள்ளைகள் கைக்காசு சேர்த்துத் தாங்களே வாங்கிக்கொள்ளக்கூடிய விலையில் விற்க முடிந்தது. அதற்கு முன்னால் நல்ல வார்ப்புக் கார் என்றால் பெரியவர்கள் பார்த்து, பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ வாங்கித் தருவதுதான்.

59 சென்ட்

1968-இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 'ஹாட் வீல்ஸ்' என்று 16 கார்களை இறக்கியது. அச்சுக்கு மெல்லிய ஸ்பிரிங் கம்பி, அதனால் வண்டிக்கு நிஜமான சஸ்பென்ஷன். சக்கரத்துக்குள் உராய்வு குறைந்த பிளாஸ்டிக் பேரிங். பளபளப்பாக மெருகேற்றிய உலோகத்தின் மேல் கண்ணாடி மாதிரி நிறம். அடித்தட்டும் உலோகம். விலை சுமார் 59 சென்ட். தள்ளிவிட்டால் மேட்ச்பாக்ஸைவிட பல மடங்கு தூரம் ஓடியது. லெஸ்னி அலறிப் பிடித்துக்கொண்டு அடுத்த வருஷமே தன் கார்களுக்கு வேகச் சக்கரம் மாட்டியது.

அதே ஹாட் வீல்ஸின் சாதாரண ரகம் இன்றைக்கு அமெரிக்கக் கடையில் ஒன்றேகால் டாலர் அளவில் கிடைக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் விலை இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது. அதே காலத்தில் அமெரிக்காவின் பொதுவான விலைவாசி ஏறக்குறைய 9 மடங்கு ஏறிவிட்டது. அந்தக் கணக்கில் 59 சென்ட் என்பது இன்றைய 5 டாலர் 30 சென்டுக்குச் சமம். அதாவது நிஜ விலை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

எப்படி முடிந்தது? ஒரு பகுதி காரிலேயே தெரிகிறது. பேரிங் போனது. சஸ்பென்ஷன் போனது. 1973-இல் அந்தக் கண்ணாடி நிறத்துக்குப் பதிலாகச் சாதாரண எனாமல் வந்தது. உலோக அடித்தட்டு பெரும்பாலான கார்களில் பிளாஸ்டிக் ஆனது. திறக்கிற கதவும் பானெட்டும் அபூர்வம். எதுவுமே ஒரே நாளில் நடக்கவில்லை. ஒவ்வொன்றும் சில சென்ட் மிச்சம், அவ்வளவுதான்.

இன்னொரு பகுதி, யார் செய்கிறார்கள் என்பது. மேட்டல் முதல் வருஷமே அமெரிக்காவோடு ஹாங்காங்கிலும் கார் செய்தது. பிறகு மலேசியா, தாய்லாந்து. லெஸ்னியோ லண்டன் ஹாக்னியில் பெரிய தொழிற்சாலை கட்டி, பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களை வைத்து நடத்தியது. 1982-இல் அது திவாலானது. ஹாங்காங் நிறுவனம் ஒன்று வாங்கி, உற்பத்தியை மக்காவுக்கும் பிறகு சீனாவுக்கும் கொண்டுபோனது. 1997-இல் மேட்ச்பாக்ஸும் மேட்டலின் கைக்கே வந்து சேர்ந்தது.

பழைய தரம் எங்கே போனது?

இங்கேதான் எனக்கு ஒரு ஆச்சரியம். பழைய தரம் எங்கேயும் போகவில்லை. உலோக உடல், உலோக அடித்தட்டு, ரப்பர் டயர் என்று ஹாட் வீல்ஸே 'பிரீமியம்' ரகம் ஒன்று விற்கிறது. அதன் விலை அமெரிக்காவில் ஆறு, ஏழு டாலர். 1968-இன் 59 சென்டுக்கு இன்றைய மதிப்பு ஐந்து டாலர் சொச்சம் என்று பார்த்தோமே, அதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. ஆக, நல்ல கார் பழைய விலையை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்குக் கீழே புதிதாக ஒரு மலிவு ரகம் முளைத்திருக்கிறது. நாம் அந்த மலிவு ரகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் காலம் மாதிரி இல்லை" என்கிறோம்.

ஆனால் கணக்கை இங்கேயே நிறுத்தினால் பாதி உண்மைதான். விலைவாசியை விட்டுவிட்டுக் கூலியை வைத்துப் பாருங்கள். 1968-இல் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 60 சென்ட். 59 சென்ட் கார் என்பது 22 நிமிட உழைப்பு. இன்று மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட் (பல மாநிலங்களில் இதைவிட அதிகம்). மலிவுக் காருக்குப் பத்து நிமிடம் போதும். பிரீமியம் காருக்கு ஐம்பது நிமிடத்துக்கு மேல் வேலை பார்க்க வேண்டும். அன்றைக்கு அந்தக் கூலிக்காரரின் பிள்ளை வாங்கியதும் முதலாளியின் பிள்ளை வாங்கியதும் ஒரே கார், பேரிங்கும் சஸ்பென்ஷனும் வைத்தது. இன்றைக்கு ஒரே கடையில், ஒரே பெயரில் இரண்டு கார் தொங்குகிறது. கீழ்த்தட்டுக் குடும்பத்துக்கு மலிவுக் கார் இன்னும் மலிவானது, நல்ல கார் இரண்டு மடங்குக்கு மேல் எட்டாததாகிவிட்டது.

கல்கத்தாவுக்கு வந்த அச்சுகள்

நம்ம ஊர்க் கதை வேறு. வெளிநாட்டுப் பொம்மை இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம். பொம்மை வரமுடியாது, ஆனால் பொம்மை வார்க்கிற அச்சு வரலாம். பிரிட்டனின் 'டிங்கி' கார்களின் பழைய அச்சுகள் 1960-களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்களாக வெளிவந்தன. கல்கத்தாவிலிருந்தே 'மில்டன்', 'மேக்ஸ்வெல்' போன்ற பெயர்களிலும் பிரிட்டிஷ் கார்களின் சாயலில் வண்டிகள் வந்தன.

ஒரு அச்சுக்குள் உருக்கிய உலோகத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திச் செலுத்தும்போது அச்சு தேயும், விளிம்பு மழுங்கும். இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தாத இடத்தில் உலோகம் கசிந்து பிசிறாக நிற்கும். ஏற்கெனவே அங்கே ஓடிக் களைத்த அச்சில் வார்த்தால் எப்படி இருக்கும்? இந்தக் கார்களில் பிசிறும் மொழுக்கென்ற விளிம்பும் உண்டு. போட்டிக்கு வேறு கார் கிடையாது, எனவே திருத்த வேண்டிய அவசரமும் இல்லை. இன்று சேகரிப்பாளர்கள் அந்தக் குறைகளுக்காகவே தேடி வாங்குகிறார்கள் என்பது தனிக் கதை.

2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசித் தவணையும் நீங்கியது. அதன் பிறகு தெருவோரத்திலிருந்து திருவிழாக் கடை வரை சீனப் பொம்மைகள். பேரம் பேசினால் இன்னும் குறையும். பத்து ரூபாய்க்குக் கார் கிடைத்தால் யார் அடியைத் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்?

பழசு என்றால் உறுதியா?

அம்மாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். பழசெல்லாம் உறுதி என்பது பாதி கண்மாயம். 1930-களில் வந்த டிங்கி கார்கள் பல, யாரும் தொடாமல் பெட்டியில் இருந்தபடியே விரிசல் விட்டு நொறுங்கிவிட்டன. துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், வருஷங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, உதிர்ந்துவிடும். பிறகு சுத்தமான துத்தநாகம் பயன்படுத்த ஆரம்பித்த பிறகுதான் இந்த நோய் தீர்ந்தது. என் பரணில் கிடைத்தது உடையாத ஒரு கார். என்னிடம் இருந்த மற்ற கார்கள் என்றைக்கோ உடைந்து குப்பைக்குப் போயிருக்கும். அவை வந்து சாட்சி சொல்லாது.

வாயில் வைத்தால் என்ன?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஈயம் கலந்த பெயின்ட் நல்ல நிறம் தரும், சீக்கிரம் காயும், எளிதில் மங்காது. அதனால் பல காலம் தாராளமாகப் பயன்பட்டது. அமெரிக்காவில் 1978-இல்தான் பொம்மைப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் கூடாது என்று விதி வந்தது.

விதி வந்ததால் மட்டும் தீர்ந்துவிடவில்லை. 2007 ஆகஸ்டில் மேட்டல், 'கார்ஸ்' படத்தில் வரும் 'சார்ஜ்' என்ற ஜீப்பின் குட்டி வார்ப்பு வண்டிகள் 4,36,000-ஐத் திரும்பப் பெற்றது. சீனாவில் வேலை எடுத்த ஆலை, பெயின்ட் அடிப்பதை இன்னொருவருக்குக் கைமாற்றியது. அவர் அனுமதி இல்லாத இடத்தில் பெயின்ட் வாங்கினார். அதில் ஈயம். விலை குறைய எந்தச் சங்கிலி உதவியதோ அதே சங்கிலியின் ஒரு கண்ணியில்தான் விஷம் புகுந்தது. அதற்கடுத்த வருஷமே அமெரிக்காவில் புதுச் சட்டம். 2009 ஆகஸ்டிலிருந்து வரம்பு 600-இலிருந்து 90 ஆனது.

இந்தியாவும் 2009 ஜனவரியில் சீனப் பொம்மைகளை ஆறு மாதத்துக்குத் தடை செய்தது. மார்ச்சிலேயே, பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் வரலாம் என்று தளர்த்தியது. ஆனால் 2019-இல் இந்தியத் தரக் குழுமம் டெல்லிப் பக்கத்துச் சந்தைகளில் 121 பொம்மைகளை வாங்கிச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. 2020-இல் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் மட்டும் விலக்கு. அமெரிக்காவில் ஒன்றேகால் டாலருக்கு விற்கும் கார் நம்ம ஊரில் நூற்றைம்பது ரூபாயைத் தாண்டுவதற்கு அந்த வரியும் ஒரு காரணம்.

ஆக, தரம் என்று நாம் சொல்வதில் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது. கனமும் வேலைப்பாடும் மலிவு ரகத்தில் குறைந்தது உண்மை. ஆயுள், கலவையையும் அச்சையும் பொறுத்தது. பழசிலும் நொறுங்கியது உண்டு. விஷமில்லாமை மட்டும்தான் தெளிவாக முன்னேறியிருக்கிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் விஷயம் வெளியே வந்து, சட்டம் போட்ட பிறகு. கண்ணால் பார்த்தும் கையால் தூக்கியும் கண்டுபிடிக்க முடியாத தரம் அது. அதனால்தான் பேரம் பேசும்போது அது நம் கணக்கில் வருவதே இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் மறுபடியும். ஈயம் காய்ச்சல் மாதிரி வந்து நின்று சொல்லிவிட்டுச் செய்வதில்லை. பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று பாதுகாப்பான அளவே அதற்குக் கண்டறியப்படவில்லை. எனக்கு என்ன குறைந்தது என்று எனக்கே எப்படித் தெரியும்? அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காரை வாங்கி ஷோகேஸின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினார்.

மகளுக்குப் புதுக் கார் வாங்கப் போனேன். முத்திரை இருந்தது. ஆனால் அட்டையிலேயே மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது, சின்ன பாகங்கள் தொண்டையில் சிக்கும் என்பதற்காக. இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் மேல் தட்டைக் காட்டிக் காட்டி அழுவாள் என்று நினைக்கிறேன்.